பதினோரு நிமிடச் சோதனை

பாலோ,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஆட்ரிக்கு,

உன் அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். அவளுடைய முட்டிவலி அப்படியே இருக்கிறது. ஐந்து நாளாக நீ போனை எடுக்காததால், லீவுக்கு வந்திருக்கும் உன் அத்தை மகன் கென்னத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை அவன் சிங்கப்பூர் திரும்புகிறான். முழுவதும் படி.

நான் கோபமாக இருக்கிறேன். ஈஸ்டருக்கு வந்தபோது என்னை மடிக்கணினி முன் உட்கார வைத்தாய். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரி ஒன்றின் இணையதளத்தில் கண் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யுங்கள், மக்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை என்றாய். சோதனை உங்களுக்கு இல்லை அப்பா, தளத்துக்குத்தான் என்றும் சொன்னாய். பதினோரு நிமிடம் தவித்தேன். எழுத்தெல்லாம் வெளிறிப்போன சாம்பல் நிறம். எதை அழுத்துவது என்று உன்னைக் கேட்டேன். நீ வாயே திறக்கவில்லை. உதவினால் சோதனை கெட்டுவிடுமாம். பெற்ற அப்பன் திண்டாடுகிறான், நீ மணி பார்த்துக் குறிப்பு எழுதுகிறாய்! தொழில் என்று பொறுத்துக்கொண்டேன்.

அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நிரப்பாமல் மேலே போக விடவில்லை. நம்மில் யாருக்கம்மா குடும்பப் பெயர்? உன் தாத்தா பெயரைப் போட்டேன். உடனே திரையில் ‘வருக, திரு. அந்தோனிப்பிள்ளை’ என்று வந்தது. என் அப்பா இறந்து இருபத்திரண்டு வருஷம். எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வேன்? அதைப் படம் பிடித்தது போதாதென்று ஆஸ்பத்திரிக்காரர்களோடு நடந்த கூட்டத்தில் வேறு போட்டுக் காட்டியிருக்கிறாய். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒருவர் திரும்பப் போடச் சொன்னாராம். கென்னத் உன் ஆபீசிலேயே இருப்பவன் ஆயிற்றே, சனிக்கிழமை சாப்பிடும்போது இதைச் சொன்னான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் தோட்டத்தில் கிராணியாக ஆள்பதிவும் கணக்கும் எழுதியவன் நான். நானூறு ஆட்களில் ஒருவர் பெயரைக்கூட மாற்றி எழுதியதில்லை.

உன்னை ஒரு பிடி பிடிக்கலாம் என்று, அன்று நீ கையெழுத்து வாங்கிய தாளைத் தேடி எடுத்தேன். படத்தைப் பிறருக்குக் காட்டச் சம்மதம் என்று மூன்றாவது வரியில் இருக்கிறது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவன், மகள் நீட்டினாள் என்று போட்டிருக்கிறேன். அதுவும் எரிச்சல்தான்.

நேற்று ஒரு சத்தம் போட்ட பிறகுதான் கென்னத் மீதியைச் சொன்னான். நீ படத்தை நிறுத்திவிட்டு, இவர் என் அப்பா என்றாயாம். இணையத்தில் தேடுகிறவர்களுக்கு உங்கள் ஆஸ்பத்திரியை முதலில் காட்டி மாதம் ஆயிரக்கணக்கான பேரை உங்கள் வாசலுக்குக் கொண்டுவருகிறேன், வந்தவர் பெயரைக்கூட உங்களுக்கு ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லை என்றாயாம். அதற்காக நீ ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க, உன் முதலாளி மன்னிப்புக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து உன் மேசையில் வைத்திருக்கிறாராம். தளத்தில் குறையில்லை, உட்கார்ந்தவருக்குக் கணினிப் பழக்கம் இல்லை, தவறு அவருடையது என்று எழுதியிருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் நீ கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லையாம்.

என்ன அநியாயம் இது! வீட்டைக் கட்டிய கொத்தனார் கதவைச் சுவரில் வரைந்துவிட்டு, உள்ளே வரத் தெரியாதவன் முட்டாள் என்பதா? யோங் பெங் ஊரில் ஒரு டயர் கடைக்குச் சும்மா இணையதளம் செய்து கொடுத்து ஆரம்பித்தவள் நீ. எட்டு வருஷ உழைப்பு. கோயிலில் யாராவது மகள் என்ன வேலை என்று கேட்டால், ஏதோ கம்ப்யூட்டர் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அது என் தப்பு. இந்த ஞாயிறு ஒழுங்காகச் சொல்வேன்.

உன் வேலை, உன் முடிவு. வீட்டுக் கடன் இருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இத்துடன் நானே எழுதிய இன்னொரு சம்மதத் தாளை வைத்திருக்கிறேன். என் முகத்தோடும் பெயரோடும் அந்தப் படத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நீயும் உன் முதலாளி வைத்த கடிதத்தைப் படித்துவிட்டுப் பேனாவை எடு. சோதனை எனக்கு இல்லை என்று நீதான் சொன்னாய். அதை நம்பித்தான் நான் உட்கார்ந்தேன்.

இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன். போனை எடு அம்மா.

உன் அப்பா,
அ. ரபேல்