முழங்காலுக்கு ஒன்றுமில்லை

தச்சநல்லூர்,
16 நவம்பர், ஞாயிறு.

அன்புள்ள மகள் பிருந்தாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், நீ நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடியும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சிவகணேஷும் நியூசிலாந்தின் டனிடின் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். வழக்கமாக இந்த இடத்தில் என் முழங்காலின் நலத்தைத் தனியாக எழுதுவேன். போனிலும் நீ முதலில் அதைத்தான் விசாரிப்பாய், பிறகுதான் என்னை. அதுவும் நலமே. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் எதையும் நேராகச் சொல்லத் தெரியாதவன், வகுப்பில் இதயத்தை நடத்துவதற்கு முன் அரை மணி நேரம் அதைச் சுற்றியிருக்கும் உறையை நடத்துகிறவன், ஆகையால் கொஞ்சம் பொறுமையாகப் படி. போனில் சொல்லலாமே என்பாய். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், நான் ஒரு வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் அவளே அதைச் சொல்லி முடித்துவிடுகிறாள், பெரும்பாலும் என்னைவிடச் சரியாக.

கல்லூரியில் எல்லாம் முறைப்படி நடக்கிறது. காலை ஒன்பது மணிக்குள் கல்லூரி எல்லைக்குள் நின்று செல்போனுக்கு முகத்தைக் காட்ட வேண்டும், மாலை நான்கு மணிக்கு மறுபடி காட்ட வேண்டும். காட்டினால் மட்டும் போதாது, கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது, எதிரே இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கிறதாம். உடற்கூறியல் துறையில் முப்பத்தொன்பது வருடம் இருந்தவனைப் பார்த்து அந்தச் சந்தேகம் வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் துறையில் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல், நேரத்துக்கு முன்பே வந்து படுத்திருப்பவர்களுக்கு மட்டும் வருகைப்பதிவு கிடையாது. கரும்பலகையைக் கழற்றிவிட்டுத் தொட்டால் எழுதும் பலகை ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். நான் கலர் சாக்பீஸில் இரண்டு கையாலும் வரைந்த காலம் போய், இப்போது விரலால் தடவி வரைகிறேன். கை ஓரம் எங்காவது பட்டுவிட்டால் சிறுநீரகம் மறைந்து, கல்லூரித் தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து பூமாலையோடு வருகிறது. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். என் வகுப்பில் கைதட்டல் கேட்பது பணிக்காலத்திலேயே இதுதான் முதல் தடவை.

போன மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்கள் வேலை, குடும்பம், பொழுதுபோக்கு மூன்றையும் சமமாகப் பேண வேண்டும் என்று நிர்வாகத்துக்கு அக்கறை வந்து, அதற்காக ஒரு பயிலரங்கு. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, கட்டாயம், முகப்பதிவு உண்டு, குடும்பத்தாரை அழைத்துவரக் கூடாது. கூடவே ஒரு படிவம்: உங்கள் பொழுதுபோக்கு என்ன, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதனால் நிறுவனத்துக்கு விளையும் பயன் யாது. எல்லோரும் வாசிப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள், நானும் அப்படியே எழுதினேன். உண்மையில் எனக்கு இந்த ஆகஸ்டிலிருந்து ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது, அது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடக்கும், அதைப் படிவத்தில் எழுதும் தைரியம் எனக்கு இல்லை. ஆகவே என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சுற்றறிக்கையை மீறினேன். மீறினேன் என்பது பெரிய வார்த்தை. இடது முழங்கால் வலி காரணமாக அன்று மட்டும் வர இயலவில்லை என்று தாழ்மையுடன் எழுதிக் கேட்டுக்கொண்டேன்.

மருத்துவச் சான்று வேண்டும் என்றார்கள். எலும்பு மருத்துவத் துறையில் ஹாஜா இருக்கிறார், என்னிடம் படித்தவர், அவரிடம் போனேன். காலை மடக்கி நீட்டித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது அறுவத்தேழு வயசு முட்டா? என் முட்டே இப்படி இல்லையே. எதுக்கு வலிக்கின்னு சொல்லுதிய?" என்றார். நான் அவர் மேசையில் இருந்த பிளாஸ்டிக் முழங்கால் மாதிரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளை, மேலே கேட்கவில்லை. "வலிக்காத முட்டுக்கு மாத்திர எழுத முடியாது சார், ரெஸ்ட்டுன்னு மட்டும் எழுதுதேன்" என்று எழுதிக் கொடுத்தார். அதன் பலனாக இப்போது என் வகுப்புகளையெல்லாம் தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள், லிஃப்டில் எனக்கு முன்னுரிமை, என்னைக் கண்டால் மாணவிகள் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பிருந்தா, என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. மூன்று வருடத்துக்கு முன்பும் ஒன்றும் இருக்கவில்லை. கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் நீ ஈரத்துணி மாற்றப் போயிருந்தாய், மாப்பிள்ளை காரை எடுத்துவரப் போயிருந்தார், அம்மா மேல்படியில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள், சிவகணேஷை என் கையில் கொடுத்திருந்தீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை, பாசியில் வழுக்கி என் கையிலிருந்து உருவிக்கொண்டு போய் நாலாவது படிக்குக் கீழே மறைந்தான். நான் ஒரு கையில் அவன் துண்டோடும் மறு கையில் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டோடும் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே, எண்ணிப் பார்க்கிறவன் நான், அதை மட்டும் எண்ணவில்லை. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சேலையோடு பாய்ந்து அவன் முடியைப் பிடித்துத் தூக்கினாள். நீ ஓடிவந்தபோது அவன் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தான். அப்பா, நீங்க ஏன் இறங்கல என்று கேட்டாய். முட்டு பிடித்துக்கொண்டது, மடங்கவில்லை என்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன், நீந்தும்போது எந்தத் தசை சுருங்கும், எந்தத் தசை தளரும் என்று முப்பத்தொன்பது வருடம் பாடம் எடுத்தவன், இடுப்பளவுக்கு மேல் ஆற்றில் இறங்கியதே கிடையாது. ஆனாலும் அது மட்டும் காரணம் இல்லை. அந்தப் படியில் தண்ணீர் என் நெஞ்சளவுதான். இறங்கி எட்டிப் பிடித்திருக்கலாம். பயந்துவிட்டேன்.

ஒரு பொய் சொன்னால் அதோடு போயிற்று என்று இருக்கலாம், உன்னைப் போல் பிசியோதெரபிஸ்ட் மகள் இருந்தால் அதற்கும் வழியில்லை. இந்த மூன்று வருடத்தில் என் முழங்காலுக்கு நீ நான்கு உறை அனுப்பினாய், புட்டி புட்டியாக மாத்திரை அனுப்பினாய், புதன்கிழமைதோறும் வீடியோவில் காலைத் தூக்கு, பத்து எண்ணு, இறக்கு என்று பயிற்சி கொடுத்தாய். தமிழ்நாட்டிலேயே இவ்வளவு கவனிப்போடு குணப்படுத்தப்பட்ட ஆரோக்கியமான முழங்கால் வேறொன்று இருக்காது. ஒரு புதன்கிழமை அவசரத்தில் உறையை வலது காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வழக்கம்போலப் பத்து எண்ணச் சொன்னாய். பாதியில்தான் எனக்கே உறைத்தது.

ஜூலையில் ஜனவரிக்கு டிக்கெட் எடுத்தபோது நீ சொன்னாய், "உங்க முட்டு இருக்க இருப்புக்கு அவன உங்கட்டத் தனியா விட முடியாதுப்பா, ஆத்துப் பக்கமே வேண்டாம்" என்று. நியாயம்தான். போனை வைத்துவிட்டு யோசித்தேன். பொய் சொன்ன முழங்கால் பேரனையும் என்னையும் பிரித்து வைத்திருக்கிறது, உண்மையைச் சொன்னால் பயம் பிரித்து வைக்கும், இரண்டில் எதற்காவது வைத்தியம் உண்டா என்று பார்ப்போம் என்று தோன்றியது. எங்கள் துறையில் பிள்ளைகள் உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தில் உதவியாளராக பெனிட்டோ என்று ஒருவன் இருக்கிறான், உவரிக்காரன், கடலில் பிறந்து வளர்ந்தவன். அவனிடம் கேட்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் நீச்சல் கற்றுக்கொள்ள விரும்புகிறார், முடியுமா என்று கேட்டேன். "முடியும் சார். அந்தப் பெரியவர எந்த ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாரிய? மாத்துத்துணி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, உங்க அளவுதான இருப்பாரு" என்றான்.

திருநெல்வேலிக்குள் எந்தப் படித்துறையில் இறங்கினாலும் என் மாணவன் ஒருவன் செல்போனோடு நிற்பான் என்பதால் கல்லிடைக்குறிச்சிக்கே போனோம், அதே படித்துறை. முதல் நாள் மிதக்கச் சொன்னான். நான் மிக ஒழுங்காக மல்லாந்து, கால்களைச் சேர்த்து, கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை மேலே தெரிய, முதலாம் ஆண்டு முதல் வகுப்பில் உடற்கூறு நிலை என்று படம் வரைந்து காட்டுவேனே, அச்சாக அப்படியே படுத்தேன். படத்தில் இருப்பது போலவே விறைப்பாக, கால் வழியாக, ஆற்றுக்கு அடியில் போய்ச் சேர்ந்தேன். பெனிட்டோ தூக்கி நிறுத்தி, "சார், இது நிக்கவனுக்குள்ள படம், மெதக்கவனுக்கு இல்ல. நீங்க தண்ணியப் பிடிக்கப் பாக்கிய, அது பிடி குடுக்காது. பைய கைய விடுங்க" என்றான். கல்லூரியிலும் ஆற்றிலும் அவன் எனக்கு சார்தான் சொல்லுவான், ஆனால் ஆற்றில் அவன் பார்வையே வேறு. அந்தத் துணி துவைக்கும் பெண்ணும் அங்கேதான் இருக்கிறாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "அன்னைக்கு நின்னுக்கிட்டே இருந்தியளே சாமி, ஒருவழியா இன்னைக்கு எறங்கிட்டியளா" என்று கேட்டாள். படித்துறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது.

உன் அம்மாவிடம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அத்தாட்சிக்காக ஒவ்வொரு வாரமும் அந்த ஊருக்குப் பேர்போன அப்பளம் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நாலாவது வாரம் அவள் அப்பளத்தையும் பார்த்தாள், என் தலையையும் பார்த்தாள். "அப்பளம் வாங்கப் போனவரு தலை எப்படி நனஞ்சுது? அங்க அப்பளத்த ஆத்துக்குள்ளயா காயப்போடுதாவ?" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவளே காரை ஓட்டிக்கொண்டு வந்து, பத்தமடைப் பாயைப் படியில் விரித்து, இட்லிப் பாத்திரத்தோடு உட்கார்ந்துகொண்டாள். "பெனிட்டோ, அவர அதட்டாதப்பா, பயந்தாருன்னா தண்ணியக் குடிச்சே ஆத்த வத்த வச்சிருவாரு" என்பது அவள் எனக்குக் கொடுக்கும் ஊக்கம். திரும்பி வரும்போது சேரன்மகாதேவி தாண்டியதும் வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னாள், "அன்னைக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வந்த உடனே நீங்க அத்தன படியையும் ரெண்டு ரெண்டாத் தாண்டி மாப்பிள்ளையக் கூப்பிட ஓடுனிய. மடங்காத முட்டு எப்படி ஓடுச்சின்னு அன்னைக்கே நெனச்சேன். பக்கத்துல பிருந்தாவும் பாத்துட்டுத்தான் நின்னா."

நீயும் பார்த்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அப்படியென்றால் ஜூலையில் நீ பேசியது முழங்காலைப் பற்றி இல்லை. மூன்று வருடமாக நீ அனுப்பிய உறைகளும் முழங்காலுக்காக இல்லை, என் மானத்தை மூடத்தான். இதை நாலு தடவை அடித்துத் திருத்தி எழுதினேன், எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் இதுதான், வயது என்று நினைத்து அதற்கும் உறை அனுப்பிவிடாதே.

பயிலரங்கு நடந்த ஞாயிறு அன்று ஆற்றின் நடுவே இருக்கும் பாறையிலிருந்து நாலாவது படி வரை முப்பத்திரண்டு அடி, நூல் பிடித்து அளந்திருக்கிறேன், நடுவில் நிற்காமல் வந்தேன். இருபத்தேழு கைவீச்சு. "இத நீச்சல்னு சொல்ல முடியாது சார், முங்கலன்னு சொல்லலாம்" என்றான் பெனிட்டோ. அதன்பின் மழை பிடித்து ஆறு கலங்கி ஓடுவதால் இரண்டு வாரமாக அவன் இறங்கவிடவில்லை. ஜனவரியில் தண்ணீர் தெளிந்துவிடும்.

சிவகணேஷைத் தனியாக என்னிடம் விடு என்று நான் கேட்கவில்லை. விடவும் வேண்டாம், என் மேல் எனக்கே அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. அவன் அங்கே குளத்தில் நாலாம் நிலை முடித்து, நீர்நாய் படம் போட்ட சான்றிதழ் வாங்கியிருக்கிறான் என்று போனில் காட்டினாய், என்னைவிட நன்றாக நீந்துவான். ஒரு நாள் காலையில் மட்டும் எல்லோரும் போவோம். நீ இறங்கு, மாப்பிள்ளை இறங்கட்டும், பெனிட்டோவும் வருகிறேன் என்றிருக்கிறான், அம்மா படியில் இருந்துகொண்டு எல்லோரையும் திட்டட்டும். பேரன் தண்ணீரில் இருக்கும்போது நான் கரையில் துண்டோடு நிற்காமல் அவன் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வேண்டாம், அதற்கும் நான் வருத்தப்பட மாட்டேன், வருத்தப்பட்டாலும் காட்டிக்கொள்ள மாட்டேன். ஒன்று மட்டும் செய். போன் பண்ணும்போதெல்லாம் தாத்தா கால்வலி போச்சா என்று கேட்கிறானே, அவனிடம் தாத்தாவுக்கு இருந்தது கால்வலி இல்லை, பயம், அது முக்கால்வாசி போய்விட்டது என்று நீயே சொல்லிவிடு.

வேலைக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்தவர் முதுகைச் சரிசெய்யப் போய் உன் முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் உங்கள் மூவரையும் குறைவில்லாமல் வைத்திருக்க வேண்டும், என் ஆசீர்வாதங்கள்.

மறக்காமல் ஒன்று. வரும்போது முழங்கால் மாத்திரையும் உறையும் எடுத்துவர வேண்டாம். பழைய உறைகள் நான்கையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், உன்னிடம் வரும் நிஜமான நோயாளிகளுக்குக் கொடு. பெட்டியில் அந்த இடம் காலியாகத்தானே இருக்கும், பெரியவர்கள் போடும் நீச்சல் கண்ணாடி, என் பவருக்கு ஏற்றதாக ஒன்று வாங்கி வா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் தண்ணீருக்குள் எனக்கு எதுவும் தெரிவதில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அன்பு அப்பா,
சிவசண்முகம்