முட்டை ஊறிய நீர்

கொல்கத்தா,
பிப்ரவரி 11

அன்புள்ள சைதன்யாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. கோவையில் ஏதோ டியூஷன் சென்டரில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் எண்ணை நீ தடுத்துவிட்டதால் கடிதமாக எழுதுகிறேன்.

போன ஞாயிறு காலை உன் அப்பா சாந்த்ராகாச்சியிலிருந்து கரியாஹாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். "ஸ்மிதா, லேப்ல அவ கூடவே இருந்தவ நீ. எம்பொண்ணு பொய்யா எழுதினாளா? நீ சொன்னா ஏத்துக்கறேன்" என்றார்.

"ஆமா மாமா" என்றேன்.

செருப்பு மாட்ட அவருக்கு வெகு நேரம் ஆனது. அன்றிலிருந்து அவர் உன்னிடம் போனில் பேசுவதில்லை என்று உன் அம்மா சொல்லி அழுதாள்.

உனக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக எழுதுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வருகிறது. போன வருடம் உன் ஆய்வைப் பார்க்க மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தின மாலை, கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கடல்நீரில் ஊறவைத்திருந்தேன். முட்டையை மூடியிருக்கும் கூழ் அந்த நீரில் கரைந்து இறங்கும். கூழில் உள்ள சர்க்கரைச் சங்கிலி பட்டதுமே விந்தணுவின் தலைநுனி வெடித்து, முட்டையைப் பற்ற ஓர் இழை நீளும். எந்தச் சங்கிலி அதைத் தூண்டுகிறது என்பதைத்தான் நான்கு வருடமாகத் தேடினாய். முட்டைகளை எடுத்த பிறகு, பாட்டிலில் மிஞ்சிய நீரைக் கொட்டச் சோம்பல்பட்டேன். பஸ் நெரிசலுக்கு முன் கிளம்பும் அவசரம். அதன் மேலேயே புதுக் கடல்நீரை நிரப்பி உன் மேசையில் வைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் அதை வெறும் கடல்நீர் என்று நம்பி விந்தணுக்களை விட்டாய். வெறும் நீரில் ஒன்றும் நடக்கக் கூடாது. நூற்றுக்கு எண்பது வெடித்திருந்தன. உன் நோட்டிலோ எல்லா நாளும் ஐந்துக்குள்தான். நம் வழிகாட்டி குருமூர்த்தி சார், எல்லோர் முன்னாலும் நோட்டை மேசையில் வீசி, இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து எழுதினாயா என்று கேட்டார்.

பாட்டிலில் ஏதோ கலந்திருக்கிறது என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். என்னைப் பார்த்துச் சொன்னாய். நுண்ணோக்கியில் கண் வைத்ததுமே எனக்குப் புரிந்திருந்தது. அவர்கள் உன்னை விசாரித்துக்கொண்டிருந்தபோது பாட்டிலை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டினேன். இரண்டு முறை கழுவினேன். முந்தின நாள் ஒரு முறைகூடக் கழுவாதவள்.

உன் உதவித்தொகையை நிறுத்தினார்கள். உன் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நீ சொன்ன சங்கிலிதான் சரி, சைதன்யா. திரும்பச் செய்து பார்த்தபோது உன் எண்கள் அப்படியே வந்தன. கட்டுரை ஜனவரியில் வெளிவந்துவிட்டது. அதில் உன் பெயர் இல்லை. ஏப்ரலில் ஜெர்மனி போகிறேன்.

உண்மையை நான் சொல்லலாம்தான். சொல்லப்போவதில்லை. அப்பாவுக்கு நீயே எடுத்துச் சொல். இந்தக் கடிதத்தை மட்டும் காட்டாதே. காட்டினால் நான் எழுதவில்லை என்பேன். அவர் என்னைத்தான் நம்புவார். அதனால்தான் கையால் எழுதாமல் டைப் செய்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அங்கேயே நன்றாக இரு.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாதவள்