சொட்டு நின்றுவிட்டது, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமாவின் ஆசிகள். முதுகை விட்டுவிட்டால் மற்றபடி நான் சௌக்கியம். உங்கள் படகுக்குள் நிமிர்ந்து நிற்க முடிகிற ஒரே இடம் அடுப்புக்கு முன்னால்தான் இருக்கிறது. அதனாலேயே அடிக்கடி டீ போடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. தாமதத்துக்குத் தபாலைக் குறை சொல்லமாட்டேன். நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். பாய்மரத்தடியில் தண்ணீர் சொட்டுவது நின்றதா என்பது ஒன்று. நின்றுவிட்டால், படகை விட்டுப் போன பாப்பாவை ஒரு தடவை வரச் சொல்லுங்கள், நேரில் பார்த்தால் மனசு மாறுவாள் என்பது இன்னொன்று. முப்பது தாண்டியவளைப் பாப்பா என்று எழுதினால் அவளுக்குப் பிடிக்காதுதான். உங்களுக்கு எழுதும்போது என் மகள் என்று எழுதவும் வரவில்லை, உங்கள் மனைவி என்று எழுதவும் வரவில்லை. முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சொட்டு நின்றுவிட்டது.

நீங்கள் எழுதியிருந்தபடிதான் தொடங்கினேன். பாய்மரத்திலிருந்து வரும் வயர்கள் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும் இடத்தில் குமிழி மாதிரி மூடிகள் இருக்கின்றனவே, கிளாண்ட் என்று எழுதியிருந்தீர்கள், அவற்றைக் கழற்றினேன். ஆயுள் முழுக்கச் சட்டை தைத்தவனுக்கு ஸ்பேனர் பிடிப்பது புது வித்தை. ஒரு மூடி கையோடு உடைந்து வந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் வெயிலில் காய்ந்து, என் குதிகால் மாதிரி வெடித்துப் போயிருந்தன. புது வளையம் போட்டு, சுற்றிலும் நீங்கள் சொன்ன பசையைத் தடவி, இறுக்கி மூடினேன். பசை வேட்டியிலும் ஒட்டிக்கொண்டது. வேட்டியில் ஒட்டியது இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடாது. தளத்தில் ஒட்டியதுதான் விட்டது. அடுத்த மழைக்கே அதே இடத்தில், தலையணைப் பக்கம், அந்தக் கிண்ணத்தில் டொக் டொக் என்று ஆரம்பித்துவிட்டது.

அப்புறம்தான் படகுத்துறைத் தச்சரைக் கூப்பிட்டேன். நீங்கள் குளிர்கிடங்கு வேலைக்குப் போன பிறகு வந்து சேர்ந்த ஆள். மரத்தூள் ஒத்துக்கொள்ளாமல் நாளெல்லாம் தும்முவதால் துறையில் அவருக்குத் தும்மல் என்றே பெயர். அவர் வந்து பார்த்துவிட்டு, "இது வயர் ஓட்டையே இல்ல பெரியவரே, ஜன்னல்தான். கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார் போல. ஜன்னலை எல்லாம் பெயர்த்துப் புதிதாக ஒட்டினோம். சொட்டு அசரவில்லை.

பிறகு மூடிகளைத் திரும்பக் கழற்றி, துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பார்த்தார். அது பிடிவரைக்கும் உள்ளே போனது. மேலே ஒரு ஃபைபர் ஓடு, கீழே ஒரு ஓடு, நடுவில் மரம் என்றுதான் தளத்தைச் செய்திருக்கிறார்களாம். துளை வழியாக வருஷக்கணக்கில் தண்ணீர் இறங்கி, நடுவில் இருக்கிற மரம் டீத்தூள் சக்கை மாதிரி ஆகியிருக்கிறது. தும்மல் கம்பியை வளைத்து விட்டுத் தோண்டினார். ஈரச் சக்கையாக வந்துகொண்டே இருந்தது. நான் தாளில் வாங்கி வாங்கிக் கொட்டினேன். போதும், நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தோண்டிய பள்ளம் முழுக்கப் பிசினை ஊற்றினார். அது கல்லாக இறுகிய பிறகு, அந்தக் கல்லின் நடுவில் புதுத் துளை போட்டார். இனி தண்ணீரே வந்தாலும் மரத்தைத் தொடாது என்றார்.

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தண்ணிய நிறுத்திரலாம். ஆனா பாய்மரம் நிக்கிற இடம் மொத்தமும் சொதசொதன்னு போயிருச்சு. துறையில கட்டிப்போட்டுக் குடியிருக்கலாம், ஒண்ணும் ஆகாது. காத்துல பாய் விரிச்சீங்கன்னா அன்னிக்கே மரம் சாயும்." சரி செய்ய வழி என்ன என்று கேட்டேன். தளம் முழுவதையும் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும், அதற்கு வேறு படகையே பார்க்கலாம் என்றார். நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையேதான் சொன்னார். ஜன்னல் விஷயத்தில் தப்பாகச் சொன்னவர் இதிலும் தப்பாகச் சொல்லியிருக்கக்கூடாதா என்று துறையில் இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பாய்மரத்தடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இத்தனைக்குப் பிறகும் சொட்டியது, மாப்பிள்ளை. குழாயைப் பிடித்துத் தளம் முழுக்கத் தண்ணீர் அடித்தால் ஒன்றும் ஆகாது. மழை வந்தால் சொட்டும். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. உள்ளே தொங்கும் ஒவ்வொரு வயரையும் சுற்றி மெல்லிய காகிதத்தைக் கட்டிவைத்தேன். எது நனைகிறது என்று பார்க்கத்தான். அடுத்த மழையில் ஒரே ஒரு வயரின் காகிதம் நனைந்தது. வயர் துளையில் இறங்கும் இடத்தில் காய்ந்திருந்தது. கீழே, வயர் முடிந்து விளக்குச் சுவிட்சில் சேரும் நுனியில்தான் ஈரம். தும்மல் வந்து அந்த வயரை வெட்டினார். உறிஞ்சுகுழலில் வருவது மாதிரி வயருக்குள்ளிருந்தே தண்ணீர் வந்தது. செம்பெல்லாம் பச்சையாகி, கறுத்துப்போயிருந்தது. பாய்மர உச்சியில் இருக்கும் விளக்கின் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. மழைத்தண்ணீர் அங்கே நுழைந்து, வயரின் உறைக்குள்ளேயே இறங்கி, தளத்தைத் தாண்டி, உங்கள் படுக்கைக்கு மேலே வந்து சொட்டியிருக்கிறது. நாம் எத்தனை மூடி மாற்றினாலும் அதற்கென்ன.

தும்மல் கயிற்று ஊஞ்சலில் உட்கார்ந்து உச்சிக்கு ஏறினார். நானும் இன்னொருவரும் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். மேலே போய் அவர் தும்மும்போதெல்லாம் மரம் ஆடியது. அந்த அடித்தளத்தை நினைத்து எனக்கு உயிரே இல்லை. விளக்கை மாற்றிப் புது வயர் இழுத்தோம். மூடிக்குள் நுழைவதற்கு முன்னால் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றியிருக்கிறோம். வெளியே வழிந்து வருகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும்.

அதன் பிறகு நல்ல மழை ஒன்று பெய்தது. கிண்ணத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மழை விட்டது. கிண்ணம் காய்ந்தே இருந்தது. ஆளில்லாத படகில் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு.

பாப்பாவுக்கு அன்றைக்கே போன் செய்தேன். சொட்டு நின்றுவிட்டது, மழை பெய்கிற நாளாகப் பார்த்து வா என்றேன். வருகிறேன் என்றாள்.

சொன்ன மாதிரியே வந்தாள். ஆபீஸிலிருந்து நேராக, குடையும் கைப்பையுமாக. கொஞ்சம் இளைத்திருக்கிறாள், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். தளத்தில் புது மூடிகளைக் காட்டினேன். வயர் வளைவைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, அவள் படுக்கும் பக்கத்தில், அந்தத் தலையணை இடத்திலேயே உட்கார்ந்தாள். மேலே மழை விளாசிக்கொண்டிருந்தது. கூரையை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. "நல்லா பண்ணியிருக்கீங்கப்பா" என்றாள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, கச்சிதமாக இருக்கிறது என்று வாடிக்கைக்காரர் சொன்ன மாதிரி இருந்தது. டீ போட எழுந்தேன்.

அப்போதுதான் கேட்டாள். "சொட்டுனதால போனேன்னா நெனச்சீங்க?"

பின்னே வேறு எதற்கு என்றுதான் கேட்டேன். ஈரப் படுக்கையில் யாரால் ஒரு வருஷம் படுக்க முடியும்? நானும் அதைத்தானே உங்கள் இருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னதை இந்தக் கடிதத்தில் எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். அதை விட்டுவிட்டு ஒரு கடிதம் எழுதி முடித்து, ஒட்டியும் வைத்தேன். அதில், வந்தாள், பார்த்தாள், சந்தோஷப்பட்டாள், யோசிப்பதாகச் சொன்னாள் என்று இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அது போய்ச் சேர்ந்தால் நீங்கள் அடுத்த வேலையைச் சொல்லி எழுதுவீர்கள். நானும் செய்வேன். அவள் வரமாட்டாள். ஆகவே அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"தண்ணி சொட்டுதுன்னு அவரை எழுப்புவேன். உடனே எழுந்திருப்பார்ப்பா, அதுல குறையே சொல்லமாட்டேன். டார்ச்சை எடுத்துட்டு மேல போவார். எங்க ஒழுகுது, எப்படி ஒழுகுதுன்னு பார்ப்பார். திரும்பி வந்து அதைப் பத்தியே பேசுவார். நீ நனைஞ்சிட்டியான்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்ல."

நான் உங்களுக்காகத்தான் பேசினேன், மாப்பிள்ளை. படகு முழுகிவிடுமோ என்ற பயமாக இருக்கும், அதில் உன்னைக் காப்பாற்றுகிற எண்ணமும்தானே இருந்திருக்கும் என்றேன். தெரியும் என்றாள். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. "அவர் மேல எனக்குக் கோபம் இல்லப்பா. கோபம் இருந்த வரைக்கும் திரும்பி வரணும்னு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல" என்றாள்.

அவளுடைய பொருள்கள் இருக்கும் அலமாரியைத் திறந்து காட்டினேன். யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். டீயை முழுவதும் குடித்தாள், தம்ளரைக் கழுவி வைத்தாள். மழை விடும்வரை இருந்துவிட்டுப் போ என்றதற்கு, பஸ் போய்விடும் என்றாள். துறையின் கடைசி வரைக்கும் கூடவே போனேன். குடையை என் பக்கமே பிடித்துக்கொண்டு வந்தாள்.

புதுப் பாய்க்குச் சொல்லி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த மரத்தில் இனிப் பாய் ஏற்ற முடியாது. இதை நம்பி அந்தக் குளிர்கிடங்கில் இன்னொரு வருஷம் கூடுதலாக வேலை செய்ய வேண்டாம். விரல்கள் மரத்துப்போகின்றன என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அடித்திருந்தீர்கள். அடித்ததைத்தான் முதலில் படித்தேன். டாக்டரிடம் காட்டினீர்களா? இரண்டு கையுறை போட்டுக்கொள்ள விடுவார்களா? தனியாகப் படுக்கிறீர்களா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? இதையெல்லாம் எழுதுங்கள். படகைப் பற்றி எழுத இனி ஒன்றும் இல்லை.

பாப்பா என்னைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். ஜன்னல் வைத்த அறை ஒன்று காலியாக இருக்கிறதாம். போகத்தான் வேண்டும். இந்த முதுகோடு இங்கே இன்னொரு மழைக்காலம் தாக்குப்பிடிக்க முடியாது. படகின் சாவியை யாரிடம் கொடுக்கலாம் என்று நீங்கள் சொல்லும்வரை நகரமாட்டேன். நீங்களே வந்து வாங்கிக்கொள்வதாக இருந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மகன் இல்லாத வீட்டுக்கு நீங்கள் வந்தீர்கள். நாளைக்கு நீங்கள் இருவரும் முறைப்படி பிரிந்த பிறகு, இந்தக் கிழவருக்கு எதற்குக் கடிதம் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றினாலும் எழுதுங்கள். அவள் வீட்டு முகவரிக்கு எழுதக் கூச்சமாக இருந்தால் துறை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், நான் பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன். ஐயா என்றோ பெரியவர் என்றோ மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். நன்றாக இருக்க வேண்டும் நீங்கள்.

இப்படிக்கு,
மாமா