எல்டர் லெவிட் சாப்பிடாத நாட்கள்

10 ஜனவரி 1994, திங்கள்

துணி துவைத்தாயிற்று. இரண்டு பேருக்குமாகப் பன்னிரண்டு வெள்ளைச் சட்டை. வாரத்தில் எங்களுக்கென்று இருப்பது இந்த ஒரு பகல்தான். சலவைக்கடையில் உட்கார்ந்தபடியே வீட்டுக்கு ஒரு கடிதம், மிஷன் தலைவருக்கு ஒரு கடிதம். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. மொன்டானாவில் இது ஒன்றுமில்லையாம்.

என்னோடு வீடு வீடாகப் போய் ஊழியம் செய்யப் புதுத் துணை வந்து ஆறு நாள் ஆகிறது. எல்டர் லெவிட்; எங்கள் சபையில் ஊழியத்துக்கு வரும் பையன்கள் எல்லாருக்கும் ‘எல்டர்’ பட்டம்தான். யூட்டாவின் தெற்குக் கோடிக்காரன், சிவந்த தலைமுடி, என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். காலையில் நான் ஜெபித்து, சவரம் செய்து, ஷூ துடைத்து முடித்துத் திரும்பினால் இன்னும் முழங்காலில்தான் இருக்கிறான். எங்கள் வட்டத்துக்குப் பொறுப்பாளன் ஸ்டோடார்ட் போனில் சொன்னான்: “கொடுத்துவெச்சவன்டா டோல்மன் நீ. அவன் ஒரு பரிசுத்தவான்.”

இருக்கலாம். பெல்ட்டில் ஆணியால் புதுசாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான் இன்று.

13 ஜனவரி, வியாழன்

எங்கள் சபையைச் சேர்ந்த ஜார்கென்சன் வீட்டில் விருந்து. மான்கறி, பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு. வீட்டுக்காரம்மா சிஸ்டர் ஜார்கென்சன் பின்னால் திரும்பியபோதெல்லாம் லெவிட்டின் தட்டிலிருந்து ஒரு துண்டு என் தட்டுக்கு வந்தது. அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“என்ன ராசா, என் கைப்பக்குவம் புடிக்கலையா?”

“ஐயோ இல்ல சிஸ்டர். மத்தியானம் ரொம்பச் சாப்பிட்டுட்டேன்.”

மத்தியானம் அவன் ரொட்டியையும் சேர்த்து நான்தான் தின்றேன். வயிறு சரியில்லை என்று என்னிடம் நீட்டினான். பொய் சொல்லுகிற ஆள் இல்லையே இவன்?

16 ஜனவரி, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தவன் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது. கேட்டேன். முதலில் சிரித்தான். மறுபடி கேட்டேன்.

“மூணு நாளைக்கு ஒரு தடவ சாப்பிடறேன்டா. உபவாசம்தான. எல்லாரும் இருக்கறதுதான?”

“மாசத்துல ஒரு நாள்தானடா இருப்பாங்க!”

அப்புறம் சொன்னான். ஆகஸ்டில் அவன் அம்மாவுக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்ததாம். ஊழியத்துக்குக் கிளம்பும் முன் பிஷப் கேட்ட கேள்வி ஒன்றுக்கு அவன் உண்மையை மறைத்தானாம். என்ன கேள்வி என்று சொல்லவில்லை. “நான் மறைச்சதுக்கு அவங்க உடம்பு பதில் சொல்லுது. புரியுதா? நான்தான் தீக்கணும்.”

“அப்போ இப்ப போய் பிஷப்கிட்ட சொல்லிடேன்.”

“சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஊரே வாசல்ல நின்னு பாக்கும். அம்மா தாங்க மாட்டாங்க.”

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினான். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? அவன் கை அவ்வளவு சில்லென்று இருந்தது.

20 ஜனவரி, வியாழன்

நல்ல சேதி. ஓரின் கெசல் சம்மதித்துவிட்டார்!

ரயில்வே யார்டில் வேலை, ஐம்பது வயது, ஆறடி நாலங்குலம், ஒரு கிழட்டு நாயோடு தனியாக இருக்கிறார். முதல்முறை கதவைத் திறந்தபோது, “என்னடா பசங்களா, இந்தக் குளிர்ல கழுத்துல எதுக்கு அந்தச் சுருக்குக்கயிறு?” என்று எங்கள் டையைப் பிடித்து இழுத்தவர். இன்று தானாகவே சொன்னார்: “சரி, என்னைத் தண்ணியில முக்குங்க. ஆனா இந்தச் செவத்தப் பையன்தான் முக்கணும்.”

ஒன்பது மாதமாக இந்த ஊரில் யாரும் ஞானஸ்நானம் பெறவில்லை. திரும்பும் வழியில் லெவிட் சைக்கிளிலிருந்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். “பாத்தியா? பலிக்குது.”

எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் போலிருந்தது. மாலையில் நானும் சாப்பிடவில்லை.

24 ஜனவரி, திங்கள்

தலைவருக்குக் கடிதம் எழுதினேன். “இருவரும் நலம்.”

28 ஜனவரி, வெள்ளி

இன்னும் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? முகத்தில் எலும்பு தெரிகிறது. முழங்கையில் மெல்லிய மயிர் முளைத்திருக்கிறது, குழந்தைக்கு இருப்பதுபோல. லெவிட் குளிக்கும் நேரம் பார்த்து ஸ்டோடார்டுக்குப் போன் செய்தேன். சத்தியத்தை முக்கால்வாசி உடைத்தேன். அம்மா விஷயத்தைச் சொல்லவில்லை, சாப்பிடாததை மட்டும் சொன்னேன்.

“உபவாசம் இருக்கறவனைப் பாத்து உனக்கு என்னடா பயம்? நீயும் கொஞ்சம் இருந்து பாரு, பயம் போயிடும்.”

மாலையில் லெவிட் மிகவும் மரியாதையாக என் எதிரில் வந்து நின்றான். “ஸ்டோடார்ட் கூப்பிட்டான். எல்லாம் சொன்னான்.” அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

30 ஜனவரி, ஞாயிறு

இப்போதெல்லாம் என் கண் முன்னால் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுகிறான். நேற்று மூன்று முட்டை. பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். குழாய்ச் சத்தத்தையும் மீறி அவன் வாந்தியெடுப்பது கேட்டது.

2 பிப்ரவரி, புதன்

பாலத்துக்கு முன்னாலேயே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நானும் இறங்கித் தள்ளினேன்.

5 பிப்ரவரி, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலை பதினோரு மணிக்கு ஓரினின் ஞானஸ்நானம். உடை மாற்றும் அறையில் லெவிட்டைச் சட்டையில்லாமல் பார்த்தேன். விலாவை எண்ணலாம். “நான் பண்றேன்டா, நீ உக்காரு” என்றேன். “அவர் என்னைத்தான் கேட்டார்” என்றான். அப்போதே கதவை மறித்திருக்கலாம். வெளியே நாற்பது பேர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மறிக்கவில்லை.

இருவரும் வெள்ளை உடையில் தொட்டிக்குள் இறங்கினார்கள். தண்ணீர் லெவிட்டுக்கு இடுப்புவரை. வலது கையை உயர்த்தி ஓரினின் முழுப்பெயரைச் சொன்னான். அடுத்த வார்த்தை வரவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்து நான் வாயசைத்துக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், ஆனால் பார்க்கவில்லை. உயர்த்திய கை அப்படியே இருக்க, நேராகத் தண்ணீருக்குள் போனான்.

ஓரின்தான் அள்ளித் தூக்கினார். ஒரே கையில். படியேறி நின்று, ஈரம் சொட்டச் சொட்ட, எல்லாரையும் பார்த்துக் கத்தினார்:

“இவன் கனமே இல்லையே! என் நாய் இதைவிட கனமா இருக்கும்! இவனுக்கு யாரு சாப்பாடு போடறது? யாரு இவனைப் பாத்துக்கறது?”

அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டார், கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாட்கள், குழாய்ச் சத்தம், அம்மாவின் கட்டி, மறைத்த பதில், எல்லாம். இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்றார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் லெவிட் விழித்திருந்தது எனக்குத் தெரியாது.

“சத்தியம் பண்ணினயேடா” என்றான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

6 பிப்ரவரி, ஞாயிறு

சபை முழுவதும் இன்று அவன் குணமாக வேண்டி உபவாசம் இருந்தது.

9 பிப்ரவரி, புதன்

அவன் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கை கொடுத்தார். லெவிட் சக்கர நாற்காலியில், மடியில் தொப்பி. என் பக்கம் பார்க்கவே இல்லை. மிஷன் தலைவர் என் தோளில் கை வைத்து, “முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். ஆமாம். ஒவ்வொரு திங்களும் அவருக்கு எழுதிக்கொண்டுதானே இருந்தேன்.

ஓரின் ஞானஸ்நானம் வேண்டாமென்று மறுத்துவிட்டார். “அந்தப் பையன் திரும்பி வந்து முக்கினா முங்கறேன். இல்லேன்னா விட்டுடுங்க.”

14 மார்ச், திங்கள்

லெவிட்டின் அம்மாவிடமிருந்து கடிதம். பயந்துகொண்டே பிரித்தேன்.

நன்றி சொல்லியிருக்கிறார். அவன் எடை கூடியிருக்கிறதாம், ஆனால் என் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறானாம். அதன் பிறகு இந்த வரிகள்:

“என் கட்டி சாதாரணமானது என்று அக்டோபரிலேயே சொல்லிவிட்டார்கள். அன்றே அவனுக்கு எழுதினேன். ‘அப்படியானால் நான் நிறுத்தக் கூடாது அம்மா’ என்று பதில் போட்டிருந்தான். எதை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.”

அக்டோபர். அவன் என்னிடம் வந்ததே ஜனவரியில். நல்ல சேதியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான்... எனக்கு ஏன் சொல்லலடா? சொல்லியிருந்தா மட்டும் நான் என்ன செஞ்சிருப்பேன்? நானும்தானே பலிக்குதுன்னு நெனச்சேன்.

15 மார்ச், செவ்வாய்

புதுத் துணை எல்டர் பல்சிஃபர். பத்தொன்பது வயது, வீட்டை விட்டு வந்து பத்து நாள்.

காலையில், “எனக்குப் பசிக்கல எல்டர், நீங்க சாப்பிடுங்க” என்றான். இரண்டு முட்டையும் ரொட்டியும் அவன் எதிரில் வைத்தேன்.

“நேரமாச்சே, கிளம்பணுமில்ல?”

“கிளம்பலாம். சாப்பிடு.”

“என்னங்க எல்டர், ஜெயில் வார்டன் மாதிரி பாத்துக்கிட்டிருக்கீங்க?” என்று சிரித்தான்.

நான் எழுந்து போகவில்லை. கடைசி வாய் உள்ளே இறங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவன் சிரிப்பை எப்போது நிறுத்தினான் என்று கவனிக்கவில்லை.