நவம்பருக்கு முன்னால் ஒரு கணப்பு

மான்ஸ்ஃபீல்டு
25 அக்டோபர் 1996

அன்பு மகள் கெயிலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வின்னிப்பெக்கில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை கை வரவில்லை. முதலில் பயப்படாதே, அம்மா பிழைத்துவிட்டாள், நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். நிமோனியா, பதினொரு நாள். இரண்டு ஞாயிறும் நீ போன் செய்தபோது அம்மா பக்கத்துத் தெருப் பெரில் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னது பொய். எப்படி வந்தது என்று நீ கேட்டால் பதில் சொல்ல எனக்கு முகமில்லை, காரணம் நான்தான்.

நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். நவம்பர் ஐந்தாம் தேதி ஊரே தீ மூட்டிப் பட்டாசு வெடிக்கும்வரை கணப்பில் ஒரு கரித்துண்டு விழக்கூடாது. அதற்கு முன்னால் எந்த வீட்டுப் புகைக்கூண்டில் புகை வந்தாலும் கிளப்பில், "என்னய்யா, உங்க வீட்ல யாரோ நெஷ்ஷாமே?" என்று ஆரம்பித்துவிடுவார்கள், மானம் கப்பலேறிவிடும். போன கிறிஸ்துமஸில் மாப்பிள்ளை அந்த நெஷ்ஷுக்கு அர்த்தம் கேட்டாரே, பூஞ்சை உடம்புக்காரன், குளிர் தாங்காதவன், அக்டோபரிலேயே கையுறை தேடுகிறவன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன், லண்டன்காரனுக்கே புரியாது, எங்கள் பக்கத்துச் சொல் என்று பெருமை வேறு. அந்தச் சொல்லை ஒருவர் மேல் போட்டால் அப்புறம் அவர் வாயே திறக்கமாட்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இந்த மாதம் ஆரம்பத்திலேயே உறைபனி விழுந்தது. அம்மா இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "ஹரல்ட், எலும்புக்குள்ள குளிருது, கொஞ்சம் கணப்ப மூட்டேன்" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "என்ன எட்னா, வயசான காலத்துல நெஷ் ஆயிட்டியா?" என்றேன். டீ குடிக்க வந்திருந்த பெரில் சிரித்தாள், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள், அதோடு சரி, அவள் மறுபடி கேட்கவே இல்லை. இருமினாள், தூசி என்றாள். கை நடுங்கியது, ராத்திரி தூக்கம் இல்லை என்றாள். அடுத்த வாரம் ஒரு காலையில் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், உதடெல்லாம் நீலம். வார்டு நர்ஸ் என்னிடம், "குளிருதுன்னு அவங்க சொல்லவே இல்லையா?" என்று கேட்டாள். சொன்னாள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, இல்லை என்றேன். அடப்பாவி என்று நீ திட்டினாலும் தகும். முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் கிடந்ததற்கு இன்னும் ஓசியில் வருகிற கரி கொட்டகையில் கூரை முட்டக் கிடக்கிறது கெயில், ஓசிக் கரி!

ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உன் ஞாபகம்தான். உனக்கு ஒன்பது வயது, சந்தையில் கை விறைத்துப்போய் ஒரு ஜோடி கையுறை கேட்டாய், "சொரங்கத்துக்காரன் பொண்ணு நெஷ்ஷாம், பாருங்கய்யா!" என்று கடைக்காரர்கள் எல்லாரும் சிரிக்கும்படி நான் கத்தினேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை. உன் முதல் குழந்தை வயிற்றில் தங்காமல் போனது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும், அதுவும் அம்மா சொல்லி. அந்த ஆறு மாதமும் போனில் "நல்லா இருக்கேன்ப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். அழுத்தக்காரி என்று உன்னைக் குறை சொன்னேன். உன் வாயை அடைத்தது யார் என்று இப்போதுதான் உறைக்கிறது, என்னை மன்னித்துவிடு.

நேற்று காலையிலேயே கணப்பை மூட்டி, பெரிலைக் காவல் வைத்துவிட்டு அம்மாவை அழைத்துவரக் கிளம்பினேன். எதிர்வீட்டுக் கிளிஃப் புகையைப் பார்த்துவிட்டு, "யோவ் ஹரல்ட், தேதி மறந்துடுச்சா? உங்க வீட்ல யார்யா நெஷ்?" என்று வேலிக்கு மேலே கத்தினான். "நான்தான்யா" என்றேன். அம்மா உள்ளே வந்து நெருப்பைப் பார்த்து, "இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே" என்றாள், அப்புறம் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

இப்போது தூங்குகிறாள், இருமல் குறைந்திருக்கிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும். இது கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை போனில் நான் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே, உள்ளதைச் சொல். இத்துடன் ஒரு ஜோடி கையுறை வைத்திருக்கிறேன். சின்னதாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே, கடையில் அளவு கேட்டார்கள், எனக்கு அந்த ஒன்பது வயதுக் கைதான் ஞாபகம் வந்தது.

உன் அப்பா,
ஹரல்ட்