கதிரைக்கு அளந்த குசினி

மார்ச் 11, செவ்வாய்

அதிர்ச்சி இன்னும் விடவில்லை. இன்று புதுக் குசினி அலுமாரிகளைப் பொருத்தினார்கள். பலா மரம், நேர்த்தியான வேலை. ஆனால் காய் வெட்டும் மேடை என் இடுப்புக்குக் கீழே நின்றது. அளவு பிழை என்று தச்சு பாஸைக் கண்டித்தேன்.

"பிழ இல்லம்மா. கதிரையில இரிந்து சமைக்கிற அளவு. மகன்தான் தந்தாரு."

முழங்கால் வலியை நான் எவரிடமும் சொன்னதில்லை. கொன்வென்ட் பள்ளியில் நிமிர்ந்து நிற்கப் பழகியவள். மகனைக் கேட்டேன்.

"ரெண்டு வருஷமா பாத்திரம் கழுவுற சிங்க்கைப் புடிச்சுக்கிட்டுத்தானே சமைக்கிறீங்க, அம்மா?"

நாளையே மேடையை உயர்த்த வேண்டும் என்று பாஸுக்கு உத்தரவிட்டேன்.

பின்னேரம் எல்லோரும் வெளியே போனதும் கதிரை போட்டு உட்கார்ந்தேன். முழங்கை சரியாக மேடையில் பதிந்தது. ஒரு கிலோ வெங்காயத்தையும் வெட்டி முடித்தேன், வலிக்கவில்லை.

நாளை காலை பாஸ் தச்சு ஆயுதங்களோடு வருவார். என்ன சொல்லித் திருப்பி அனுப்புவேன்?