லிஃப்டுக்குள் முடிந்த உன் நாவல்

என் பிரியமான கௌரி அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போன பிறகு டெல்லி துவாரகாவில் இது இரண்டாவது கோடை. போன வாரம் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் மாயாஜால நாவலை என் மகள் யாமினி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். பதினைந்து வயதாகிறது; டெல்லியிலேயே வளர்ந்தவளுக்குத் தமிழ் இன்னும் தடுமாறுகிறது. வகுப்பில் அவள் பெயர் டீச்சருக்கே மறந்துபோகும், உனக்குத்தான் தெரியுமே. உன் செண்பகமும் அப்படித்தானே? எதிலும் சிறக்காத பெண், ஊரை விழுங்க வரும் பூதத்தின் முன்னால் போய் நிற்கிறாள். அதுவரைதான் யாமினி படித்திருந்தாள்.

அன்று மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே யாமினியும் எதிர்வீட்டு சுனிதா ஆன்ட்டியும். ஆன்ட்டிக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் அவள் வீட்டில் இருந்தது. அதை அங்கிருந்து வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். கதவு திறக்கவில்லை. மெக்கானிக் வழியில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆன்ட்டி மூச்சுக்குத் திணறுவது வெளியே கேட்டது.

"ஆன்ட்டி, மெதுவா மூச்சு விடுங்க. நான் ஒரு கதை சொல்றேன்" என்று யாமினி இந்தியில் ஆரம்பித்தாள். உன் கதை, அக்கா! வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக்குள் போய்விடுகிற பெண், கூட்டம் கூடி நிற்பது தெரிந்தும் சொல்லிக்கொண்டே போனாள். பூதம் வந்த இடத்தில் குரல் நின்றது.

"ஆகே க்யா ஹுவா, பேட்டா?" அப்புறம் என்ன ஆச்சு என்று ஆன்ட்டி திக்கித் திக்கிக் கேட்டாள்.

செண்பகம் ராஜ வம்சம், அவள் தோளில் இருந்த மச்சத்தைப் பார்த்துப் பூதம் பின்வாங்கியது என்று நீ முடித்ததை வெளியிலிருந்து கத்திச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் யாமினி பேசினாள்.

"பூதத்துக்கு அவளைத் தெரியவே இல்ல ஆன்ட்டி. அது எல்லாரையும் பேர் சொல்லித்தான் பிடிக்கும். இவ பேரை யாருமே கூப்பிட்டதில்ல. அதனால பக்கத்துலயே போய் அதோட கண்ணைக் கட்டிட்டா."

இதை எங்கிருந்து எடுத்தாள், அக்கா? அந்த இரும்புக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒருவழியாக மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்தார். இன்ஹேலரை உறிஞ்சியதும் ஆன்ட்டிக்கு உயிர் வந்தது. யாமினி வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தாள். வீட்டுக்குள் வந்ததும் முதலில் கேட்டது இதுதான்: "அம்மா, பெரியம்மாவும் அப்படித்தானே எழுதியிருக்காங்க?"

"மீதியைப் படி" என்றேன்.

மச்சம் வரும் பக்கத்தை அடைந்ததும் அவள் உன்னோடு சண்டைக்கு நிற்பாள். அன்றைக்கு நான் உன் பக்கம் பேச மாட்டேன், அக்கா, இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்வதை முழுசாகக் கேட்பேன். இது சத்தியம்.

உன் தங்கை,
யாமினியின் அம்மா